கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா

1

போன வாரம் எங்கள் மாவு மில்லுக்கு ஒரு சீனப் பெண் வந்தாள். சின்ன வயசு, வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. சர்க்கார் அலுவலகம் ஒன்றிலிருந்து வருகிறாளாம். சிறு வியாபாரிகளைத் தேடித் தேடி வீதி வீதியாகப் போகிறாளாம். கேட்பது ஒரே ஒரு கேள்வி: "வருகிற ஆறு மாதத்தில் உங்கள் வியாபாரம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?"

எனக்கு ஆங்கிலம் வராது. என் மகள் ஜெசிந்தா பக்கத்தில் நின்று கேள்வியைத் தமிழில் சொன்னாள். நான் பதில் சொன்னேன். மிளகாய் விலையைச் சொன்னேன். செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கப்பல்தளத்தை மூடிக்கொண்டு போவதைச் சொன்னேன். கடை வாடகை, பழைய நோட்டு, கப்பலேறிப் போனவர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பி, "சேம்" என்றாள், அப்படியே இருக்கும் என்று.

அந்தப் பெண் தன் தாளில் இருந்த ஒரு கட்டத்தில் கோடு போட்டுவிட்டுத் தலையாட்டிச் சிரித்துப் போனாள்.

"நான் இவ்வளவு சொன்னேனேடி?"

"அம்மா, அவங்ககிட்ட மூணே பாக்ஸ்தான் இருக்கு. நீங்க சொன்னதுக்கு பாக்ஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவள் ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஊரிலிருந்து நீங்களும் இதே கேள்வியைத்தான் எழுதிக் கேட்கிறீர்கள். சிங்கப்பூரில் தொழில் எப்படி இருக்கிறது, தம்பியை அனுப்பலாமா, மச்சினனை அனுப்பலாமா என்று. அந்தப் பெண்ணின் கட்டத்தில் அடங்காததை இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

2

என் பெயர் வியாகுலமேரி. வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமான கையோடு, ஐம்பதுகளின் தொடக்கத்தில், கணவர் அந்தோணியோடு இங்கே வந்து சேர்ந்தேன். செராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் மில். கீழே மெஷின், மேலே ஓர் அறையில் நாங்கள். வறுத்த மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்போம். இட்லி அரிசி, கேழ்வரகு, கோதுமை எல்லாம் வரும். காலை பூசைக்குப் போனால் நான் உட்காரும் பெஞ்சில் இரண்டு பேர் தும்முவார்கள். அப்படி உடம்போடு ஒட்டிய தொழில்.

இங்கே பிழைப்பு எப்படி என்று அறிய எனக்குச் செய்தித்தாள் வேண்டியதில்லை. சனங்கள் கொண்டுவரும் பையைப் பார்த்தால் போதும். கையில் காசு புழங்கினால் மிளகாய் கனக்கும். இல்லாவிட்டால் மிளகாய் குறைந்து மல்லி ஏறும். குழம்பு நிறம் வெளுக்கும்.

அறுபத்தேழாம் வருஷ நடுவில் மிளகாய் கனத்துத்தான் இருந்தது. என் கொழுந்தன் சூசை செம்பவாங் கப்பல்தளத்தில் ஃபிட்டர். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். அவன் இங்கே தளத்துக் குடியிருப்பில் நண்பர்களோடு. தளத்துக் கேன்டீன்களுக்கு மசாலாத் தூள் எங்களிடமிருந்து போகும்படி அவன்தான் பேசி முடித்தான். மாதா மாதம் லாரி வைத்து அனுப்பும் அளவுக்குப் பெருகியது. ஒரு மெஷின் போதவில்லை. ஜாலான் புசாரில் இயந்திரம் விற்கிற சீன முதலாளியிடம் இரண்டாவது மெஷினுக்குச் சொல்லி முன்பணமும் கொடுத்தார் என் கணவர். அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குப் பூ வாங்கிவந்தார். அவர் பூ வாங்கிவருகிறவர் இல்லை.

3

அந்த வருஷக் கடைசியில் ஒரு திங்கட்கிழமைக் காலை. அப்பம் சுட்டு விற்கும் லட்சுமியக்கா அரிசி அரைக்க வந்தார். அரைத்து முடித்ததும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். உழவன் எருமை பூட்டி உழுகிற படம் போட்ட பழைய பத்து வெள்ளி நோட்டு.

என் கணவர் கையை நீட்டவில்லை.

"அக்கா, இதுக்கு மாத்திக் குடுக்க முடியாதுக்கா. புது நோட்டு இருக்கா?"

"ஏன், இதுக்கு என்ன? போன வாரம் வாங்குனீங்களே!"

"ரேடியோல சொன்னாங்க. இங்கிலாந்துல பவுனு விழுந்துருச்சாம். பழைய நோட்டெல்லாம் வெள்ளிக்கு எண்பத்தஞ்சு காசுதானாம்."

இங்கே வெள்ளி என்றால் டாலர். பவுன் என்றால் தங்கமில்லை, வெள்ளைக்காரன் நாணயம். நாட்டுக்குப் புது நோட்டு அடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பழையதும் புதியதும் ஒன்றாகவே புழங்கின. பழையது அந்தப் பவுனோடு கட்டியிருந்ததாம். அதனால் அதனோடு சேர்ந்து விழுந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று காலையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை பத்தாக இருந்தது திங்கட்கிழமை பத்தாக இல்லை என்பதுதான்.

லட்சுமியக்கா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழியலையே தம்பி. நனையக்கூட இல்லையே" என்றார். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட இருக்கறது அத்தனையும் இதுதான்யா. பேங்குல போட்டா எடுக்கத் தெரியாதுன்னு அரிசிப் பானையில வச்சிருக்கேன்."

நான் அரைகூலி வேண்டாமென்று அவரை அனுப்பினேன். வெளியே எட்டிப் பார்த்தால் சந்து முழுக்க ஒரே கூச்சல். துணிக்கடைக்காரர் பழைய நோட்டு வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். காய்கறிக்காரர் கடையையே பாதி சாத்திவிட்டார். ஒரு மலாய்க்காரர் தெரு நடுவில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் மாடிக்குப் போய் எங்கள் தகரப்பெட்டியைத் திறந்தேன். பாதி புதுசு, பாதி எருமை. மூடிவிட்டேன். எனக்கு அன்று வந்த பயம் பணம் குறைந்ததனால் வந்ததில்லை. நாம் தூங்கும்போது, யாரோ, எங்கேயோ, கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் நம் பெட்டிக்குள் இருப்பது உருகிவிடும் என்ற பயம். திருடன் வந்தால் கத்தலாம். இதற்கு யாரைப் பார்த்துக் கத்துவது?

அடுத்த வாரமே மளிகைக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். நோட்டு இறங்கியதைச் சொல்லி ஏற்றிய விலை, நோட்டை மாற்றிக்கொண்ட பிறகும் இறங்கவில்லை. பைகளில் மல்லி ஏறத் தொடங்கியது.

4

அறுபத்தெட்டு பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சூசை வாசலில் நின்றிருந்தான். வழக்கமாகப் பூசைக்கு உள்ளே வருகிறவன், அன்று வெளியிலேயே நின்றான்.

"அண்ணி, வெள்ளைக்காரன் போறானாம்."

"அதான் தெரியுமே தம்பி. இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்குன்னு நீதானே சொன்னே?"

"இப்ப அவ்வளவு இல்லையாம். சீக்கிரமே மூடறாங்களாம். ரேடியோல நம்ம மந்திரிங்க பேசுன குரலைக் கேட்டீங்களா? அவங்களுக்கே பயமா இருக்கு அண்ணி."

தளத்தை நம்பி எத்தனை குடும்பம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் தளத்துக்காரன் சலவைக்குப் போடுவான், தையலுக்குக் கொடுப்பான், மெஸ்ஸில் சாப்பிடுவான், ஊருக்குப் போகும்போது புடவை வாங்குவான். அவன் போனால் செராங்கூன் சாலையில் ஒவ்வொரு கடையிலும் ஒரு பல் விழும்.

சூசைக்கு இன்னொரு பயமும் இருந்தது. "நம்ம பாஸ்போர்ட்டு இந்தியா பாஸ்போர்ட்டு. இங்க சிட்டிசன் இல்லாதவனுக்கு வேலை செய்ய பர்மிட்டு வேணும். வேலையே போனப்பறம் பர்மிட்டை யாரு குடுப்பா?"

அன்றிலிருந்து என் கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேன்டீன்காரர்கள் தூள் வாங்குவதைப் பாதியாக வெட்டினார்கள். அவர் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது பையோடு திரும்பினால் உள்ளே வந்து தயாராக நிற்பார். அவர்கள் தாண்டிப் போய்விட்டால் மறுபடி வாசலுக்குப் போவார். சோறு இறங்கவில்லை. முடிவெட்டிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

ஒரு நாள் மதியம், "ஜாலான் புசார் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். எதற்கென்று எனக்குத் தெரியும். மெஷினை வேண்டாமென்று சொல்லி முன்பணத்தைக் கேட்கத்தான். நடந்தே போய் வந்துவிடும் தூரம். வெயில் சாயும்வரை வரவில்லை. அந்த மாதங்களில் ஆட்கள் காணாமல் போகிற பேச்சு அடிபட்டது. கடனுக்குப் பயந்து ஓடினார்கள், தண்டவாளத்துக்குப் போனார்கள் என்று. மில்லைப் பூட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

இயந்திரக் கடையில் சீன முதலாளியும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு கோப்பைக் காப்பி, ஆறிப் போய். முதலாளிக்கு எங்களைவிட வயது கூட. எங்களுக்குள் பேச்சு சந்தை மலாயில்தான். தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"உன் புருஷன் வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? வாயே திறக்கல" என்றார் முதலாளி. "அவன் சொல்ல வேண்டியதில்ல. இந்த மாசம் எல்லாரும் இதுக்குத்தான் வர்றாங்க."

அவருக்குப் பின்னால் சாக்குப் போர்த்திய இயந்திரங்கள் நின்றன. ஐஸ் கடைக்காரர் வேண்டாமென்றது, காப்பித் தூள்காரர் வேண்டாமென்றது, எங்களுடையது.

"முன்பணம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"நான் கம்பெனிக்குக் கட்டிட்டேன். என்கிட்ட இல்ல."

முதலாளி ஆறிய காப்பியை ஒதுக்கி வைத்தார். பிறகு அவர் "சாயா பூன் தாக்குத்" என்றார். எனக்கும் பயம்தான் என்று அர்த்தம். அந்த வருஷம் தேக்காச் சந்தையில் திரும்பின பக்கமெல்லாம் அந்தத் 'தாக்குத்' காதில் விழும். ஆனால் ஜாலான் புசாரில் கடை வைத்திருக்கும் முதலாளி வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே பயமென்றால் நாங்கள் எம்மாத்திரம்?

"மெஷினைக் கொண்டுபோ" என்றார் திடீரென்று, என்னைப் பார்த்து. "மீதியை அரைக்க அரைக்கக் குடு."

"அரைக்க ஆள் வரலைன்னா?"

"வரலைன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. இங்கயே நின்னா துரு பிடிக்கும். துருப் பிடிச்ச மெஷினை எவன் வாங்குவான்?"

அவர் பெருந்தன்மையாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். நானும் பயந்துபோய்ச் சரியென்றேன். திரும்பி நடக்கும்போது என் கணவர் கேட்டார்: "ஏன் ஒத்துக்கிட்டே மேரி? முழுகற கப்பல்ல இன்னும் ஒரு மூட்டையை ஏத்தறியே."

5

சூசை ஊருக்குப் போவதென்று முடிவு செய்தான். தளத்தில் முதலில் குறைத்தவர்களில் அவனும் ஒருவன். கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து என் கணவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. வந்த பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

"நாமளும் போயிடலாம். நாகப்பட்டினத்துல ஒரு மில்லு போட்டா போதும். நம்ம சனம், நம்ம பாஷை. எவன் பவுனும் நம்மளை ஒண்ணும் பண்ணாது."

ஜெசிந்தா சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். "அப்பா, ஐ ஆம் நாட் கோயிங் லா."

"தமிழ்ல பேசு."

"நான் வரல. எனக்கு அங்க யாரைத் தெரியும்? நான் இங்க பொறந்தவ. தமிழ் பேப்பரையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். அங்க போயி என்ன வேலைப்பா பாப்பேன்?"

அவர் என்னைப் பார்த்தார், பெண்ணை இப்படி வளர்த்திருக்கிறாயே என்பதுபோல. எனக்கும் வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை. அவளை ஊருக்குக் கூட்டிப்போனால் அவள்தான் அங்கே புலம்பெயர்ந்தவள்.

மறுவாரம் நான் அவரிடம் சொல்லாமல் குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன். ஞானஸ்நானச் சீட்டில் சாமியார் என் பெயரை லத்தீனில் எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டில் அதுவே வேறு எழுத்தில். மில் லைசென்ஸில் வெறும் மேரி. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். அதை வாங்கிப் போனால் போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். காது தெரிய எடுத்துக்கொண்டு போனேன்.

கடைசியில் ஒரு மலாய் அதிகாரி என்னை எதிரே உட்காரவைத்தார். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுவதற்கு முன், மரியாதைக்கு, மலாயில் கேட்டார்: "தாவு சாகாப் மெலாயூ?" மலாய் பேசத் தெரியுமா? தெரியும் என்பதற்குத் 'தாவு' என்றால் போதும். சந்தையில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"தாக்குத்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாக்குத் ஆப்பா?" என்றார். எதற்குப் பயம்?

நான் உளறியது எனக்குப் புரிந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதத்தில் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"செமுவா" என்றேன். எல்லாத்துக்கும்.

அவர் சிரிக்கவில்லை. என் விண்ணப்பத் தாளில் ஏதோ எழுதி முத்திரை குத்தினார். அவருக்கும் வீட்டில் யாராவது தளத்தில் வேலை பார்த்தார்களோ என்னவோ.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அப்ப நீ இங்க, நான் அங்கயா?"

"நீங்களும் எழுதிக் குடுங்க. கூட வரேன்."

"எனக்கு இந்த ஊரு பயமா இருக்கு மேரி. காலையில எந்திரிச்சா என்ன இருக்கும், என்ன இருக்காதுன்னு தெரியல." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "நான் முன்னால சூசையோட போறேன். ஒரு எடம் பாத்துட்டு எழுதறேன். அப்ப வாங்க."

அப்படிச் சொல்லிவிட்டுப் போன எத்தனையோ பேருடைய பெண்டாட்டிகளை எனக்குத் தெரியும். அவர்கள் எங்கள் மில்லுக்குத்தான் வருகிறார்கள்.

6

கப்பல் கிளம்பும் நாள் காலையில் நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு மிளகாய்த் தூள் கொடுக்க வேண்டியிருந்தது என்பது சாக்கு. கப்பல் படியில் அவர் ஏறுவதைப் பார்க்க என்னால் முடியாது. சூசை வந்து என் காலைத் தொட்டு அழுதான். என் கணவர் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "மெஷினுக்குக் கிரீஸ் போட மறந்துடாதே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தா அவர் கூடவே சாலை முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் இரண்டு மெஷினையும் ஓட்டினேன். ஒன்று போதும். சத்தம் வேண்டியிருந்தது. மிளகாய் நெடியில் அழுதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இனி வாடகை, கரண்டு பில், முதலாளிக்குத் தர வேண்டியது, ஜெசிந்தாவின் கல்யாணம் எல்லாம் என் ஒருத்தி தலையில். இந்த ஊரும் முழுகிப்போனால் அவர் கரையேறியிருப்பார், நாங்கள் இருக்க மாட்டோம். என் முடிவு சரிதானா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மதியத்துக்குமேல் வாசலில் ஒரு டாக்சி நின்றது. டிரங்குப் பெட்டியோடு என் கணவர் இறங்கினார். உள்ளே வந்து பெட்டியைச் சுவரோரம் வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மெஷின் இரைச்சலில் நான் வாயைத் திறந்தது எனக்கே கேட்கவில்லை. இரண்டையும் நிறுத்தினேன்.

"கப்பல் போகலையா?"

"போயிருச்சு."

"சூசை?"

"அவன் போயிட்டான். நான் ஏறிட்டு எறங்கிட்டேன்."

அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மேரி, கப்பல்ல பாத்தேன். முக்காவாசிப் பேரு தளத்து ஆளுங்க. எல்லாரு கையிலயும் தளத்துல குடுத்த தொகை. ஊருக்குப் போயி என்ன பண்ணப்போறேன்னு ஒருத்தனைக் கேட்டேன். கடை வைக்கப்போறேன்னான். பக்கத்துல இருந்தவனும் கடை. அவனுக்கு அடுத்தவன் மாவு மில்லு வைக்கப்போறானாம். நாகப்பட்டினத்துலயே." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அத்தனை பேரும் கடை வச்சா வாங்கறவன் யாரு? ஏணியை எடுக்கப்போறேன்னு கப்பல்காரன் கத்துறான். இந்தப் பயம் பெருசா, அந்தப் பயம் பெருசான்னு யோசிக்கக்கூட நேரமில்ல. எறங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் எங்களுக்காகத் திரும்பினார் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். எனக்கும்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"டிக்கெட்டுக் காசு?"

"போச்சு."

மாடிக் கதவு திறந்தது. ஜெசிந்தா பாதிப் படியில் நின்று அப்பாவைப் பார்த்தாள். இறங்கிவந்து அவர் பக்கத்தில், அதே பெட்டிமேல், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கல்யாண வீட்டு மிளகாய் பாதிதான் அரைபட்டிருந்தது. நான் சுவிட்சைப் போடப் போனேன். அவர் எழுந்து வந்து மெஷினின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடாயிருக்கு. கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்றார்.

ஆறட்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.